கத்தி யார் கையில்?

அத்தியாயம் பதினொன்று

“இந்தக் குடும்பத்தோடு எனக்கு எந்தத் தொடர்பும் இல்லை.”

போன விசாரணைத் தவணையில், திறந்த நீதிமன்றத்தில், நீதவானுக்கு முன்னால் நின்று முதலியார் பஸ்தியாம்பிள்ளை ஆங்கிலத்தில் சொன்ன வசனம் அது. கோட்டு மொழிபெயர்ப்பாளர் அவர்தான்; அந்த உத்தியோகத்துக்குத்தான் முதலியார் என்று பெயர். குற்றஞ்சாட்டப்பட்டு எதிரிக் கூண்டில் நிற்கும் சின்னராசா தன் மகளின் கொழுந்தன் என்பதை அவராகவே எழுந்து அறிவித்தார். கடைசியில் இந்த வசனத்தையும் சேர்த்துக்கொண்டார். கொழும்பிலிருந்து புதிதாக வந்திருந்த நீதவானுக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. வேறு முதலியாரும் ஊரில் இல்லை. “தொடர்பில்லை என்றால் சரி, வழக்கை நடத்துவோம்” என்றுவிட்டார்.

பின்வரிசை வாங்கில் இருந்த அவருடைய மகள் ஐவி அதைக் கேட்டாள். பப்பா அவளோடு பேசி இரண்டு வருஷம். அதற்குப் பிறகு அவளைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான்.

ஐவி திருகோணமலை டவுனில் ஒரு பாடசாலையில் ஆங்கில ஆசிரியை. மாதா கோயில் பாட்டுக் குழுவில் பாடி வளர்ந்தவள். சல்லி என்ற கடற்கரைக் கிராமத்திலிருந்து துறைமுகத்துக்கு வேலைக்கு வந்துபோன லாஞ்சுப் படகு ஓட்டி இரத்தினசிங்கத்தைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அன்றைக்கே பஸ்தியாம்பிள்ளை வீட்டுக் கதவு சாத்தப்பட்டது.

இரத்தினசிங்கத்தின் தம்பிதான் சின்னராசா. சல்லிக் கடற்கரையில் வலை இழுக்கிற இடத்தைப் பற்றி ஒரு பின்னேரம் சண்டை வந்தது. தவராசா என்பவன் தொடையில் ஆழமான கத்திக் காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனான். “சின்னராசாதான் குத்தினவன்” என்று சொன்னான். பொலிஸ் சின்னராசாவைப் பிடித்து மறியல் சிறையில் போட்டது. “அவன் எங்கட வலைக் கயிறை அறுக்க வந்தவன். நான் தள்ளி விட்டனான். விழேக்க அவன்ர கத்தி அவனுக்கே பட்டது” என்றான் சின்னராசா. இரண்டு பேர் சொல்லும் இரண்டு விதம். நேரில் கண்ட மூன்றாவது ஆள் ஒருவர்தான்: மீன் வாங்கப் போயிருந்த வியாபாரி தாஹிர்.

இன்றைக்கு தாஹிரின் சாட்சியம்.

விடியற்காலையிலேயே ஐவியின் மாமியார் பூரணி குளித்து, மாரியம்மன் கோயிலுக்குப் போய்த் திரும்பிவிட்டாள். ஐவி சேலை கட்டிக்கொண்டு வெளியே வந்தபோது, அடுப்படி வாசலில் நின்று மறித்தாள்.

“நீ இண்டைக்கு வர வேண்டாம் பிள்ளை.”

“ஏன் மாமி?”

“உன்னைக் கண்டால் அந்த மனுசனுக்குக் கோவம் ஏறும். அந்தக் கோவம் என்ர பிள்ளையின்ர தலையில இறங்கும்.”

“பப்பா வீட்டுக் கோவத்தைக் கோட்டுக்குக் கொண்டு போறவர் இல்லை மாமி.”

“உனக்கு அவர் பப்பா. எனக்கு அவர் ஆரெண்டே தெரியாது. எங்களோட தொடர்பில்லை எண்டு அவரே சொல்லிப் போட்டாரே.”

ஐவி கணவனைப் பார்த்தாள். இரத்தினசிங்கம் சைக்கிள் சங்கிலியைத் துடைத்துக்கொண்டு, நிமிராமலே சொன்னான்: “அம்மா சொல்லுறதிலயும் ஞாயம் இருக்குது, ஐவி.”

“இருக்கட்டும். நான் ஸ்கூலுக்கு லீவு போட்டிட்டன். ஒவ்வொரு தவணைக்கும் வருவன் எண்டு மறியல்ல வைச்சு சின்னராசாவுக்குச் சொன்னனான். வருவன்.”

அவள் குரலை உயர்த்தவில்லை. பூரணி வழி விட்டாள்.

பஸ்ஸில் ஐவியின் மடியில் எட்டாம் வகுப்பு அப்பியாசக் கொப்பிகள் இருந்தன. திருத்தி முடிக்காதவை. கையை எங்கேயாவது வைத்துக்கொள்ள வேண்டியிருந்ததால் ஒன்றைத் திறந்தாள்.

இந்த வாரம் முழுவதும் அந்த வகுப்புக்கு ஆங்கில இலக்கணத்தில் பிறேஸ் என்ற சொற்றொடரும் குளோஸ் என்ற கிளை வாக்கியமும்தான் பாடம். பிள்ளைகளுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தன. நேற்று ஒரு பெட்டைப்பிள்ளை எழுந்து, ‘வாழைப்பழம் தின்றுகொண்டு ஒரு மானைக் கண்டேன்’ என்பதை ஆங்கிலத்தில் சொன்னாள்: ‘ஐ சோ எ டியர் ஈற்றிங் எ பனானா.’

“பழத்தைத் திண்டது நீயோ, மானோ?” என்று ஐவி கேட்டாள். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது.

அந்தச் சிரிப்பு அடங்கின பிறகு சொன்னதை இப்போது யாராவது கேட்டாலும் அவள் அப்படியே சொல்லுவாள். பிறேசுக்குள் ஆள் கிடையாது. வேலை செய்கிறவர் யார் என்று அது சொல்லாது. பக்கத்தில் யார் நிற்கிறாரோ அவரோடு ஒட்டிக்கொள்ளும். குளோசுக்குள் ஓர் ஆளும் உண்டு, அவர் செய்கிற வேலையும் உண்டு. ஆகவே ‘நான் பழம் தின்றுகொண்டிருக்கும்போது’ என்று ஆளையும் உள்ளே வைத்துச் சொல்லிவிட்டால் மான் தப்பிவிடும்.

டவுனில் இறங்கியதும் நேரே கோட்டுக்குப் போகாமல், மூதூர் லாஞ்சு வந்து கட்டும் ஜெற்றித் துறைக்குப் போனார்கள். சின்னராசாவின் வழக்கறிஞரான புறொக்டர் ஸைனுலாப்தீன் குடாவுக்கு அப்பாலுள்ள மூதூரிலிருந்து காலை லாஞ்சில் வர வேண்டும். வாடைக்காற்று கரையிலேயே சேலையைப் பிடுங்கியது. இரத்தினசிங்கம் கையை நெற்றியில் வைத்துக் கடலைப் பார்த்தான்.

“வராது.”

“கொஞ்சம் நிண்டு பாப்பமே, தம்பி?” என்றாள் பூரணி.

“அம்மா, நான் லாஞ்சு ஓடுறவன். இந்தக் கடலில நானெண்டாலும் கட்டை அவிழ்க்க மாட்டன். அவர் அங்காலதான் நிப்பார்.”

பூரணி அந்த இடத்திலேயே கும்பிட்டாள். எந்தத் திசையை என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போய்ச் சில வருஷங்களாகியும் கோட்டில் ஆங்கிலம் போகவில்லை. எல்லாம் அதில்தான் நடந்தது. சேவகன் சின்னராசாவின் பெயரைக் கூப்பிட்டான். ஜெயிலர்கள் அவனைக் கூண்டில் ஏற்றினார்கள். இருபத்திரண்டு வயதுப் பெடியன், ஒரு மாத மறியலில் தோள் எலும்பு தெரிய நின்றான். வாங்கில் ஐவியைக் கண்டதும் தலையை மெல்ல ஆட்டினான்.

புறொக்டர் வரவில்லை என்று, வழக்கை நடத்தும் பொலிஸ் சார்ஜன்ற் அறிவித்தார். நீதவான் சலித்துக்கொண்டார்.

“இந்தச் சாட்சி தன் வேலையை விட்டுவிட்டு எத்தனை தரம் வருவார்? இன்றைக்கு அவருடைய சாட்சியத்தைப் பதிவோம். புறொக்டர் வந்தால் கேட்பதைக் கேட்கட்டும்.”

பஸ்தியாம்பிள்ளை சாட்சிக் கூண்டின் பக்கத்தில் வந்து நின்றார். கறுப்புக் கோட்டு, வெள்ளைக் காற்சட்டை, மூக்கின் நுனியில் கண்ணாடி. வாங்குகளின் பக்கம் அவர் பார்க்கவே இல்லை. முன்பைவிட மெலிந்திருந்தார். சட்டைக் கழுத்து அகன்றிருந்ததை ஐவி கவனித்தாள்.

தாஹிர் சத்தியம் செய்தார். சார்ஜன்றின் கேள்விகள் ஒவ்வொன்றாகப் போயின. எங்கே நின்றீர், வெளிச்சம் இருந்ததா, எவ்வளவு தூரம். முதலியார் தமிழில் கேட்டார். வந்த பதிலை ஆங்கிலத்தில் கொடுத்தார். பழகின கை, எங்கேயும் தடக்கவில்லை.

“சரி, என்ன நடந்தது? கண்டதை மட்டும் சொல்லும்.”

தாஹிர் தொண்டையைச் செருமினார். “கத்தியோட நிண்ட ஆளைச் சின்னராசா பிடிச்சுத் தள்ளினவர் ஐயா. அந்த ஆள் விழுந்திட்டார். அதுதான் நான் கண்டது.”

கூண்டில் நின்ற சின்னராசாவின் முகம் மலர்ந்தது. பூரணி “அம்மாளாச்சி” என்று முணுமுணுத்தாள். தமிழ் தெரிந்த எல்லோருக்கும் அதில் கத்தி தவராசாவின் கையில் இருந்தது.

பஸ்தியாம்பிள்ளை நீதவான் பக்கம் திரும்பினார்.

“ஹீ புஷ்ட் த மேன் வித் எ நைஃப். த மேன் ஃபெல்.”

ஐவி நிமிர்ந்தாள்.

சார்ஜன்ற் உடனே பிடித்துக்கொண்டார். “கத்தியோடுதான் தள்ளியிருக்கிறான், ஐயா. காயப்பட்டவர் சொன்னதும் அதுதானே.”

நீதவான் தலையசைத்து எழுதினார். எழுதும்போது வாய்விட்டு வாசிக்கிற பழக்கம் அவருக்கு. “எதிரி, கையில் கத்தியோடு, அந்த ஆளைத் தள்ளினார்.”

‘வித் எ நைஃப்’ என்ற அந்த மூன்று சொல்லும் வசனத்தின் வாலிலிருந்து கழன்று, தலைப்பக்கம் போய், சின்னராசாவோடு ஒட்டிக்கொண்டுவிட்டன. உள்ளே ஆள் இல்லாத பிறேஸ். யாருடைய கத்தி என்று அது சொல்லவில்லை. கேட்டவர்கள் தங்களுக்கு வசதியான கையில் வைத்துவிட்டார்கள்.

முதலியார் இப்போது சொல்லுவார் என்று ஐவி காத்திருந்தாள். ‘மன்னிக்க வேண்டும், சாட்சி அப்படிச் சொல்லவில்லை’ என்று ஒரு வரி போதும். பஸ்தியாம்பிள்ளை கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டார். அடுத்த கேள்விக்குக் காத்து நின்றார்.

“வேறு கேள்வி இல்லை, ஐயா,” என்றார் சார்ஜன்ற்.

தாஹிர் இறங்கத் திரும்பினார். சின்னராசா அவரைப் பார்த்து நன்றியோடு கைகூப்பினான். தன்னைக் காப்பாற்றிவிட்டார் என்றே அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

ஐவி கணவனின் கையைப் பற்றினாள். “கத்தியைச் சின்னராசாட கையில குடுத்திட்டினம்.”

“ஆர்?”

“இங்கிலீசில அப்பிடி விளங்கிப் போச்சு.”

“உன்ர பப்பா வேணுமெண்டு—”

அவள் அதைக் கேட்க நிற்கவில்லை. எழுந்துவிட்டாள்.

“ஐயா,” என்றாள் ஆங்கிலத்தில். குரல் அவள் எதிர்பார்த்ததைவிடப் பலமாக வந்தது. “சாட்சியை இறக்க வேண்டாம்.”

சேவகன் “சைலன்ஸ்!” என்று கத்திக்கொண்டு ஓடிவந்தான். நீதவான் பேனையை வைத்தார்.

“யார் இந்தப் பெண்?”

“எதிரியின் தமையனுடைய மனைவி, ஐயா,” என்றார் சார்ஜன்ற். ஒரு கணம் விட்டு, “முதலியாருடைய மகள்,” என்றும் சொன்னார்.

கோட்டுக்குள் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது.

“அம்மா, உட்காரும். இன்னொரு வார்த்தை பேசினால் கோட்டை அவமதித்ததாக உம்மை உள்ளே அனுப்ப வேண்டி வரும்.”

“அனுப்புங்கள், ஐயா. ஆனால் சாட்சி இறங்குவதற்கு முன் அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். கத்தி யார் கையில் இருந்தது என்று இந்தக் கோட்டில் இன்னும் ஒருவரும் கேட்கவில்லை.”

நீதவானின் முகம் இறுகியது. “முதலியார் பொய்யாக மொழிபெயர்த்தார் என்று சொல்லுகிறீரா?”

ஓம் என்றால் பப்பாவின் உத்தியோகமும் பெயரும் அந்த நிமிஷத்தோடு போய்விடும். இல்லை என்றால் அவளை உட்காரச் சொல்லிவிடுவார்கள். பக்கத்தில் மாமி ஒன்றும் விளங்காமல் அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள். எதிரே பப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இல்லை, ஐயா. அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் சரி. சாட்சி தமிழில் சொன்னபோது கத்தி விழுந்தவனோடு கட்டுப்பட்டிருந்தது. வேறு ஒருவரிடமும் அது போக ஏலாது. ஆங்கிலத்தில் அது பிறேசாக வந்தது. ‘வித் எ நைஃப்’ என்பதைத் தள்ளினவனோடும் சேர்க்கலாம், தள்ளப்பட்டவனோடும் சேர்க்கலாம். நீங்கள் ஒரு பக்கம் சேர்த்து எழுதினீர்கள். குளோசாகச் சொல்லியிருந்தால் ‘கத்தி வைத்திருந்த ஆள்’ யார் என்று அதற்குள்ளேயே இருந்திருக்கும். அதைத்தான் கேட்கிறேன்.”

“நீர் ஆசிரியையா?”

“ஓம், ஐயா.”

“இது பாடசாலை அல்ல.”

“தெரியும், ஐயா. பாடசாலையில் இந்தப் பிழைக்கு ஒரு புள்ளிதான் வெட்டுவோம்.”

பின்னால் யாரோ சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார்கள். நீதவான் சிரிக்கவில்லை. ஆனால் தான் எழுதின வரியை மறுபடி பார்த்தார். உதடு அசைய, ஒருமுறை அல்ல, இரண்டுமுறை வாசித்தார். பிறகு திரும்பினார்.

“முதலியார், நீங்கள் என்ன சொல்லுகிறீர்கள்?”

காற்று ஓட்டுக் கூரையில் சருகை இழுத்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. பஸ்தியாம்பிள்ளை கண்ணாடியைக் கழற்றினார். கைக்குட்டையால் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டார்.

“சாட்சியிடம் இன்னொரு தரம் கேட்க அனுமதி வேண்டும், ஐயா.”

“கேளுங்கள்.”

அவர் தாஹிரிடம் தமிழில் கேட்டார். நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக. “கத்தி ஆர்ர கையில இருந்தது?”

தாஹிர் வாயைப் பிளந்தார். “முதலே சொன்னனான்தானே, ஐயா! தவராசாட கையில. கயிறு அறுக்கிற கத்தி. சின்னராசா வெறுங்கையோட வந்தவர்.”

முதலியார் நீதவான் பக்கம் திரும்பினார். முந்தின பதிலையும் சேர்த்தே ஆங்கிலத்தில் சொன்னார். எதிரி தள்ளியது ‘த மேன் ஹூ ஹேட் எ நைஃப் இன் ஹிஸ் ஹேண்ட்’, கையில் கத்தி வைத்திருந்த ஆளை. எதிரியின் கையில் ஒன்றும் இல்லை. அந்த ‘ஹூ’வை அவர் அழுத்திச் சொன்னார்.

நீதவான் முன்பு எழுதின வரியை வெட்டினார். அதற்குக் கீழே புதிதாக எழுதினார். சார்ஜன்ற் எழுந்து ஏதோ சொல்லப் போக, கையை உயர்த்தி நிறுத்தினார்.

வழக்கு முடியவில்லை. தவராசாவை மறுபடி கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். அதற்கு அடுத்த மாதம் தவணை. ஆனால் சின்னராசாவுக்கு ஆள் பிணை கிடைத்தது. அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்.

“நீர் உட்காரலாம்,” என்றார் நீதவான் ஐவியிடம். அப்போதுதான் தான் இன்னும் நின்றுகொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது.

வெளியே வாகை மரத்தடியில் பூரணி மகனைக் கட்டிப்பிடித்து அழுதாள், மெலிந்துபோனதற்காக ஏசினாள், மறுபடி அழுதாள். அவள் கையிலிருந்து விடுபட்டுச் சின்னராசா அண்ணன் மனைவியிடம் வந்தான்.

“மச்சாள், உள்ளுக்கு நீங்கள் என்ன சொன்னனீங்கள்? எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. உங்களையும் என்னோட மறியலுக்கு அனுப்பப் போறாங்கள் எண்டு பயந்து போனன்.”

“எட்டாம் வகுப்புப் பாடம்தான் சொன்னனான்.”

“நிண்டுகொண்டு கதையாதை பிள்ளை, இதில இரு. எவ்வளவு நேரம் நிண்டிட்டாய்,” என்றாள் பூரணி. தன் தோளிலிருந்த துவாயை எடுத்து மரத்து வேரில் விரித்தாள்.

இரத்தினசிங்கம் இன்னும் ஆறவில்லை. “வேணுமெண்டு செய்தவர், ஐவி. அந்த மனுசனுக்குத் தெரியாத இங்கிலீசோ?”

“இல்லை. அது நல்லா இங்கிலீசு தெரிஞ்ச ஆக்களும் விடுற பிழை. கெதியாச் சொல்லேக்க வரும்.”

“நீ அவருக்காகக் கதைக்கிறாய்.”

“நான் எனக்குத் தெரிஞ்சதைக் கதைக்கிறன். நீதவானுக்கும் அதைத்தான் சொன்னனான். இனி ஆர் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவன்.”

பக்கக் கதவு திறந்தது. பஸ்தியாம்பிள்ளை கையில் குடையோடு படியிறங்கி, நேரே அவர்களை நோக்கி வந்தார். பூரணி மகனைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டாள். அவர் யாரையும் பார்க்கவில்லை.

“ஐவி, கொஞ்சம் இஞ்சால வா.”

டவுனுக்குள் மாடுகள்போலத் திரியும் மான்களில் இரண்டு மதில் ஓரத்தில் புல் மேய்ந்துகொண்டிருந்தன. அவர் நின்றதும் அவை சற்று விலகின. அவ்வளவு பக்கத்தில் பப்பாவைப் பார்த்து எவ்வளவு காலம். கன்னத்தில் சவரம் விட்டுப்போன ஓர் இடம் நரைத்துத் தெரிந்தது.

“நீ நீதவானுக்குச் சொன்னது பிழை,” என்றார்.

“எது பப்பா?”

“முதலியார் பொய் சொல்லேல்லை எண்டாய்.”

“நீங்கள் சொல்லேல்லைத்தானே.”

“வசனம் வாயால வரேக்க எனக்குத் தெரியாது. அது வழமையா வாற பிழை. ஆனா சார்ஜன்ற் அதைத் திருப்பிச் சொன்ன உடன எனக்கு விளங்கினது. நீதவான் எழுதி வாசிக்கேக்கயும் விளங்கினது.” குடையின் பிடியை இறுக்கினார். “திருத்தியிருக்கலாம். நான் வாய் திறக்கேல்லை.”

ஐவி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். “ஏன் பப்பா?”

“அந்தப் பெடியனில எனக்கு ஒரு கோவமும் இல்லை. அந்த வீட்டில...” அவர் முடிக்கவில்லை. “நீ எழும்பாமல் விட்டிருந்தால் நான் திருத்தியிருப்பனோ எண்டு உள்ளுக்கு இருந்து யோசிச்சனான். திருத்தியிருக்க மாட்டன் எண்டுதான் நினைக்கிறன்.”

அவள் மரத்தடியில் நின்ற சின்னராசாவைத் திரும்பிப் பார்த்தாள். 

“இனி அந்தக் கூண்டுக்குப் பக்கத்தில நான் எப்பிடி நிக்கிறதெண்டு தெரியேல்லை. அது என்ர பாடு. உன்ர புருசனுக்குச் சொல்லுறதெண்டால் சொல்லு. விடுறதெண்டால் விடு. நான் மறுக்க மாட்டன்.”

குடையை விரிக்காமலே அவர் வீதியில் இறங்கி நடந்தார். ஐவி கூப்பிடவில்லை. அவர் வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பி மரத்தடிக்கு வந்தாள்.

நான்கு பேருக்கும் பஸ் காசு எடுத்து வைத்துக்கொண்டு இரத்தினசிங்கம் காத்திருந்தான். அவன் முகம் சற்று இளகியிருந்தது. தம்பி பக்கத்தில் நின்றதால் இருக்கலாம்.

“என்னவாம்? மன்னிப்புக் கேட்டவரோ? சரி விடு, நீ சொன்னதுபோல அது வாய்த்தவறாத்தான் இருக்கும். நானும் அவசரப்பட்டுக் கதைச்சுப் போட்டன்.”

‘ஓம்’ என்று ஒரு சொல் சொன்னால் போதும். கணவன் நம்பிவிடுவான். மாமி நாளைக்கே சம்பந்தி வீட்டுக்கு மீன் கொடுத்துவிடுவாள். சாத்தின கதவு திறந்தாலும் திறக்கும். அந்தச் சொல் ஐவியின் நாக்கு நுனிவரை வந்தது.

விழுங்கிக்கொண்டாள்.

“அவர் சொன்னதை வீட்டை போய்ச் சொல்லுறன். சின்னராசா முதல்ல சோறு தின்னட்டும். பிறகு எல்லாரும் இருக்கேக்க சொல்லுறன்.”

பூரணி அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். “நல்ல கதையோ பிள்ளை, கூடாத கதையோ?”

“முழுக் கதை, மாமி.”

சல்லி பஸ் புழுதியோடு வந்து நின்றது. ஐவிதான் முதலில் ஏறினாள்.